பத்துக்கு ஆறு

வாசனையை வைத்து வலுவை எடைபோட வேண்டாம்.
பர்லி இலையில் சர்க்கரை கிடையாது.
கொட்டகை உத்தரத்தில் தலைகீழாய்த் தொங்கி
இரண்டு மாதம் காற்றில் காயும்போதே
இருந்த கொஞ்சத்தையும் அதுவே தின்றுவிடும்.
மிச்சமிருப்பது வால்நட் ஓட்டின் துவர்ப்பு,
கோகோ பொடியின் வறட்டு மணம்.
நாக்கைக் கடிக்காது.
நேரே முழங்காலுக்குப் போகும்.

கென்டக்கியில், மேஸ்வில் ஆற்றோரம்,
மூடிப்போன பால்பண்ணையின் பின்னறையில்
கலவை போடுகிறவள் நான். ஆர்டித் மல்லிக்கின்.
தகர டப்பாவின் முதுகில் ஒரு கோடு,
ஒன்றிலிருந்து பத்து வரை.
புள்ளி எங்கே விழ வேண்டும் என்பது என் வேலை.

கருவி ஒன்றும் இல்லை.
வெறும் வயிறு, சோளக்கட்டைச் சுங்கான், ஜன்னலோர நாற்காலி.
முதல் சுங்கானில் ஒன்றும் தெரியாவிட்டால் மூன்று.
இரண்டாவதில் காதோரம் வேர்த்தால் ஐந்து.
விக்கல் வந்தால் ஏழு,
யாரும் நினைக்காமலே வருகிற விக்கல்.
நாற்காலியின் கையைத் தேடினால் எட்டு.
அதற்கு மேல் நான் போனதில்லை.

அடியிலை சாது. மண்ணோடு கிடந்து வெளுத்தது.
ஏற ஏறத்தான் காரம்.
மொட்டு விட்ட வாரமே செடியின் தலையைக் கிள்ளிவிடுவார்கள்.
விதைக்குக் கிளம்பிய வேகம்
வாசல் பூட்டியிருக்கக் கண்டு
இலைக்குத் திரும்பும்.
பக்கக் கிளை விட்டால் அதையும் ஒடிப்பார்கள்.

ஜூலைக் கடைசியில் ராய்ஸ் டாக்கெட்டின் வயலுக்குப் போனேன்,
நிற்கிற பயிரையே பார்த்துப் பேசி வைக்க.
இரவெல்லாம் மழை.
தலை கிள்ளும் கூட்டம் வரிசைகளுக்குள் இருந்தது,
மார்பு வரை ஈரம், சட்டையெல்லாம் பச்சைப் பிசின்.
நயாரித்திலிருந்து வந்தவர்கள். எட்டுப் பேர்.

பத்து மணிக்கு ஒருவன் வரிசையின் முனைக்கு வந்து உட்கார்ந்தான்.
எலெயுதேரியோ. இருபத்து மூன்று வயது.
சிகரெட்டைத் தொட்டதில்லை; அவன் சபையில் அது பாவம்.
வெயில்தான் என்றார் டாக்கெட், உப்புத் தண்ணீர் கொடுத்தார்.
உப்புத் தண்ணீரும் வந்தது, காலைச் சாப்பாடும் வந்தது,
பிறகு வெறும் மஞ்சள்.
தொட்டேன். காய்ச்சல் இல்லை. மீன்போலச் சில்லென்றிருந்தான்.

காதோரம் வேர்வை. ஐந்து.
என்னை மன்னிக்கட்டும், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.
விக்கல். ஏழு.
எழுந்திருக்க எதையாவது பிடிக்கக் கையை நீட்டினான்.
அங்கே நாற்காலி இல்லை.
பக்கத்துச் செடியைப் பிடித்தான், ஈரத்தோடு, முழுக்கையாலும்.

எட்டுக்கு மேலே என்ன என்று
பதினாறு வருடம் கழித்துப் பார்த்தேன்.

சட்டையைக் கழற்றி வீசினோம்.
வண்டியிலிருந்த தண்ணீரை ஊற்றி
கையை, கழுத்தை, அக்குளைத் தேய்த்துக் கழுவினேன்.
கண்ணைத் திறந்து ஏதோ கேட்டான்.
மற்றவன் மொழிபெயர்த்தான்:
"இன்றைய கூலி அரை நாளா, முழு நாளா?"

வியாழக்கிழமை திரும்பவும் வரிசையில் நின்றான்.
கறுப்புக் குப்பைப் பையில்
தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டியிருந்தான்.
எட்டுப் பேரும் அப்படித்தான்.
தூரத்திலிருந்து பார்க்க, யாரோ வாரி எடுக்க மறந்த மூட்டைகள்
தாமாக நகர்வதுபோல.

அந்த வயலின் நுனியிலையை நான்தான் வாங்கினேன்.
நல்ல இலை. பொய் சொல்ல மாட்டேன்.
மூன்று பங்கு அடியிலை சேர்த்து அடக்கினேன்;
ஏழு என்று போட்டால் கடைக்காரர்கள் அலமாரியில் ஏற்றுவதில்லை.
பத்துக்கு ஆறு. புள்ளி வைத்து அச்சுக்கு அனுப்பியாயிற்று.

போன வாரம் சின்சினாட்டியிலிருந்து ஒரு கடிதம்.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அழகான கையெழுத்து.
ஆறு என்று நம்பி வாங்கினாராம்.
"அம்மணி, மூன்று சுங்கான் பிடித்தேன்,
ஒன்றுமே ஏறவில்லை."