சந்தா பாக்கி

ஜெலுத்தோங் பசாருக்குப் பின்னால்
மீன் கழுவிய தண்ணீர் ஓடும் சந்தில்
ஒரு கீழ்த்தள அறை.
வாசற்படிமேல் யாரோ கழற்றிப்போட்ட கதவு
சரிவாகக் கிடக்கிறது.
கைப்பிடி இருந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.
வாரம் ஒருமுறை என் சக்கரம் அதில் சிக்கும்.
சிக்கியதும் உள்ளிருந்து டோமினிக் கத்துவார்:
"கோசலை வந்தாச்சு."

என் பேச்சு மெதுவாக வரும்.
ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில்
பினாங்குப் பாலத்தைப் பாதி கடந்துவிடலாம்.
வெளியில் எல்லாரும் அன்பானவர்கள்.
நான் 'த' என்றால்
தண்ணீர் கொண்டுவருவார்கள்.
நான் சொல்லவந்தது 'தள்ளாதீர்கள்'.
அதை முதலிலிருந்து தொடங்க அலுத்துக் குடித்துவிடுவேன்.
இப்படி எத்தனை டம்ளர்!

இங்கே
ஹனிபா அண்ணன் சில்லறையைத் தடவித் தடவி அடுக்குவார்.
டோமினிக் பொய்க்காலைக் கழற்றி
மேசைக்கடியில் ஓய்வெடுக்க விடுவார்.
சியூ லிங் என் உதட்டையே பார்ப்பாள்.
தே ஓ ஆறும்.
வினைச்சொல் வந்து சேரும்.

போன சனிக்கிழமை புதிதாக ஒருவர், சந்தானசாமி.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
பக்கவாதம் வலக்கையையும் பாதிச் சொற்களையும்
எடுத்துக்கொண்டு போயிருந்தது.
மடியில் ஒரு பொட்டலம்.
அதைத் தொட்டுக்காட்டி
"பே... பே..." என்றார்.

"பேத்தி கொடுத்தாளா?"

கேட்டது நான்தான்.
வாழ்நாளில் அவ்வளவு வேகமாக
நான் எதையும் சொன்னதில்லை.

சியூ லிங் மேசையில் ஓங்கித் தட்டினாள்.
என் முகத்துக்கு நேரே விரித்த உள்ளங்கை.
ஒரு சத்தமும் கேட்காதவளுக்கு
நான் குறுக்கே விழுந்தது கேட்டிருக்கிறது.
காது சுட்டது எனக்கு.

காத்திருந்தோம்.
மின்விசிறி சுற்றியது.
பசாரில் யாரோ ஐஸ்கட்டி உடைத்தார்கள்.

"பேரீச்சம்பழம்," என்றார்.

ஆளுக்கு மூன்று.
கோசலைக்கு இரண்டு என்று டோமினிக் தீர்ப்புச் சொன்னார்.
என்னை யாரும் தண்டித்ததே இல்லை.
பள்ளிக்கூடத்தில் வகுப்பே முட்டி போட்ட நாளில்
கரும்பலகையில் வாத்தியாரை வரைந்தது நான்.
"நீ வேண்டாம்மா" என்று
என்னை மட்டும் காற்றோட்டமாக உட்காரவைத்தார்கள்.
இரண்டு பழத்தையும் மெதுவாகத் தின்றேன்.

கொட்டையைத் துப்புவதற்குள்
ஹனிபா அண்ணன் மைலோ டின்னைக் குலுக்கினார்.
மூடியில் கத்தியால் கீறிய வாய்.
"கோசலை, மூணு மாசம். ஆறு வெள்ளி."
அவருக்கு நோட்டுப்புத்தகம் வேண்டாம்;
பாக்கிக்காரர்களின் மௌனம் தெரியும்.

பையில் ஐந்து வெள்ளித் தாள் ஒன்று இருந்தது,
இரண்டு தைப்பூசமாகச் செலவழிக்காதது.
தண்ணீர்மலை அடிவாரத்தில்
அக்கா செருப்பைத் தேடிப் போயிருந்த நேரம்
ஒருவர் அதை என் மடியில் வைத்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.
"நான் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள், சம்பளக்காரி"
என்று சொல்லி முடித்தபோது
அவர் நூறாவது படியில் இருந்திருப்பார்.

ஹனிபா அண்ணன் தாளின் ஓரத்தை விரலால் அளந்து
"நீயே போடு" என்று திருப்பிக் கொடுத்தார்.
விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.
தாள் மடங்கியது, நழுவியது, சக்கரத்தடியில் போனது.
நாலாவது தடவை உள்ளே விழுந்தது.
ஒருவரும் உதவிக்கு எழவில்லை.

"இன்னும் ஒரு வெள்ளி."

"அ... டு..." என்று தொடங்கினேன்.
என்ன சொல்லப்போகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும்.
சந்தானசாமிக்கும்.

தே ஓவில் ஈ ஒன்று விழுந்து
நீந்திக் கரையேறிப் பறந்துபோனது.
காத்திருந்தார்கள்.