அறுந்த நேரம்

தலைமயிர்ப் பருமன் என்பார்கள்.
என் மயிரொன்றைப் பிடுங்கி
உருப்பெருக்கியின் கீழ் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
இழைதான் தடிப்பு.

டார்ட்மத் துறை. பிப்ரவரி. விடியற்காலை ஆறு.
வெளியே கயிறுகளில் உப்பும் பனியும் சேர்ந்து இறுகிக் கிடக்க
இணைப்பறைக்குள் விசிறியை நிறுத்தி, தும்மலை விழுங்கி,
உதிரிக் கேபிளின் இரு நுனிகளைப் பொருத்துகிறோம்.
எட்டு இழை.
நீலம், செம்மஞ்சள், பச்சை, பழுப்பு,
சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு.
ஒரு மின்பொறி.
கண்ணாடி உருகி
தான் இரண்டாய் இருந்ததை மறக்க வேண்டும்.

தன் படங்களெல்லாம் மேகத்தில் இருக்கின்றன என்கிறாள் என் மகள்.
மேகத்தில் இல்லையடி, சேற்றில்.
மேகத்தைத் தூதுவிட்ட மொழி நம்முடையது,
அன்னத்தை, கிளியை, நெல்லை,
புகையிலையைக்கூட விட்டுப் பார்த்தது.
கடலடிச் சேற்றிடம் ஒரு சொல் கொடுத்தனுப்ப
எவருக்கும் தோன்றவில்லை.

சாம்பல் இழையைச் சீவிக்கொண்டே
மேவிஸ் ஹோலட் கதைக்கத் தொடங்குகிறாள்.
நியூஃபவுண்ட்லாந்தின் பியூரின் கரைக்காரி.
சாம்பல் வரும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கதை வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, நவம்பர் பதினெட்டு.
மாலை ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடம்.
கிராண்ட் பேங்க்ஸுக்கு அடியில் நிலம் ஒருமுறை தோளைக் குலுக்கியது.
தந்திக் கம்பிகள் சில அந்தக் கணமே அறுந்தன.
மற்றவை பிறகு,
ஒன்று, இன்னும் ஆழத்தில் ஒன்று, அதைவிட ஆழத்தில் ஒன்று,
யாரோ கத்தியோடு இருட்டில் இறங்கிப் போவதுபோல.
மொத்தம் பன்னிரண்டு.
கடைசிக் கம்பி சாக
பதின்மூன்று மணி நேரம் எடுத்தது.

கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு சாவையும்
நிமிடக் கணக்கில் பேரேட்டில் எழுதிவைத்தார்கள்.
இருபது வருஷத்துக்குப் பின் யாரோ அந்தப் பேரேடுகளைப் பிரித்து
தூரத்தை நேரத்தால் வகுத்தார்கள்.
வந்த விடை: ஓடியது சேறு.
ரயில் வேகத்தில், நூற்றுக்கணக்கான மைல்.
கடலாழம் தூங்குகிறது என்று
அதுவரை நம்பியிருந்தது உலகம்.

"எங்கட பக்கத்தை எவரும் எழுதவில்லை," என்கிறாள் மேவிஸ்.
(அவளுடைய ஆங்கிலம் எனக்குள் இப்படித்தான் விழும்.)
அன்றிரவு அலை ஏறி வந்தது.
மேல்மாடி விளக்கு அணையாமலே
ஒரு வீடு கடலுக்குள் மிதந்து போனது.
இருபத்தெட்டு உயிர்.
அவர்களுடைய ஒரே தந்திக் கம்பி
அதற்கு முன்பே ஒரு புயலில் அறுந்திருந்தது.
கம்பி அறுந்த நிமிடம் லண்டனுக்குத் தெரியும்,
நியூயார்க்குக்குத் தெரியும்.
பிணங்களோடு மூன்று நாள் இருந்தவர்களைத் தெரியாது,
வயர்லெஸ் வைத்த கப்பலொன்று கரை தட்டும்வரை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தொண்ணூற்றாறில் எங்கட பக்கமும் கம்பி இல்லை.
அண்ணா போன செய்தி டொராண்டோவுக்கு வந்தபோது
அந்தியேட்டி முடிந்து பத்து நாள்.
அத்தனை நாளும் நான்
டோனட் கடையில் இரவு வேலை செய்து
அவனுக்குச் சப்பாத்து வாங்கக் காசு சேர்த்தேன்.
அளவு ஒன்பது.
வாங்கியும்விட்டேன்.

மேவிஸ் கறுப்பு இழையை நீட்டுகிறாள்.
பொறி. திரையில் இழப்பு:
பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று.
இந்த அளவு இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது கைநூல்.

ஏழரைக்குக் கயிறு அவிழ்க்கிறார்கள்.
உடைப்பு இரண்டு நாள் ஓட்டத்தில் இருக்கிறது.
இழுவைமடியோ, நங்கூரமோ, நிலமோ.
அதுவரை எல்லாச் சொற்களும்
வேறு கம்பிகளில் நெருக்கியடித்துப் போகும்,
எவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.
கையுறையைக் கழற்றி
பதிவேட்டில் என் கோணல் எழுத்தில் நிரப்புகிறேன்:

அறுந்த நேரம்: 03:41:07.
காரணம்: