இருநூற்றுப் பதினொரு படி

எங்கள் குன்றுக்கு லாரி ஏறாது.
வால்பரைசோவில் பாதி வீடுகளின் கதை அதுதான்.
இருபத்தெட்டு வருஷமாக இங்கே அடுப்பு எரிந்தது
என் கணவர் வென்செஸ்லாவோவின் தோளால்:
ஒரு நடைக்கு ஒரு எரிவாயு சிலிண்டர்,
இருநூற்றுப் பதினொரு படி.

மார்ச்சில் ஒரு நாள் நூற்று நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.
பூட்ஸ் கடிக்கிறதாம்.
தாடை வலித்ததை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்,
அதுவும்
பல் பிடுங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தபோது.

டாக்டர் இத்துர்ரியாகா
மருந்துச் சீட்டின் பின்னால் ஒரு உருளைக்கிழங்கை வரைந்து
இதயம் என்றார்.
மூன்று இடத்தில் பாறை சரிந்த சாலை.
பாறையில் கை வைக்கமாட்டோம்,
சுற்றிக்கொண்டு போக வேறு வழி போடுவோம்.
"வழிக்கு எங்கே போவீர்கள்?"
"காலுக்கு."

கணுக்காலிலிருந்து உருவிய ரத்தக்குழாயைத்
தலைகீழாகத் திருப்பித் தைப்பார்களாம்.
உள்ளே சின்னச் சின்னக் கதவுகள்,
ஒரு பக்கம் மட்டுமே திறப்பவை.
திருப்பாமல் தைத்தால்
ரத்தம் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும்.
எனக்கு அது மட்டும் உடனே புரிந்தது.
ஏறியே பழகிய கால் அது.

எழுபத்தெட்டு நிமிஷம் இதயத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.
ஒரு இயந்திரம் அவருக்காக ஓடியது.
அந்த எழுபத்தெட்டில் ஏதோ ஒரு நிமிஷத்தில்
நான் தாழ்வாரத்தில் நின்று
பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.
ருசியாக இருந்தது.
இன்று வரை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர்
எஃகுக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்போடு வந்தார்.
தும்மினால் தலையணையை அணைக்க வேண்டும்,
இருமினால் அணைக்க வேண்டும்,
சிரித்தாலும்.
வாத்துப் படம் போட்ட தலையணை.
தேநீர்க் கெட்டிலைத் தூக்கக்கூடாது என்று
தாதி சொன்னபோது
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.
வானிலை அறிக்கைக்கு அழுதார்.
உப்பில்லாத சூப்பைத் திட்டினார்,
பிறகு சூப்பிடம் மன்னிப்புக் கேட்டார்.
இரவில் காலின் நீளத் தழும்பைத் தடவிக்கொண்டே
"இங்கே காலியாக இருக்கிறது, எர்மீனியா" என்பார்.

ஜூலைக் குளிரில் எரிவாயு தீர்ந்தது.
புதுப் பையன் யெர்க்கோ
அடிவாரத்திலேயே சிலிண்டரை இறக்கிவிட்டு
இரும்புக் குறட்டால் நாலு தட்டுத் தட்டிப் போய்விட்டான்.
பக்கத்து வீட்டுக் க்ளோத்தில்தேயும் நானும்
கைப்பிடியில் கம்பைக் கோத்து
ஆளுக்கொரு முனை பிடித்தோம்.
அன்றைக்கு அவருக்கு விதித்த நடையும் அதே படிதான்.
பின்னாலேயே வந்தார்,
தலையணையை மட்டும் சுமந்துகொண்டு.
யாரும் பேசவில்லை.
க்ளோத்தில்தேயின் நாய்கூட எங்களைப் பார்க்காததுபோல நடந்தது.

நூற்று நாற்பதில் முதலில் உட்கார்ந்தது நான்.
அவர் ஒரு படி கீழே உட்கார்ந்து
என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்,
ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட மாதிரி,
உதடு அசைய எண்ணியபடி.
"உன்னுடையதையும் ஒரு தரம் காட்டிவிடலாம்"
என்றார்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
இருமல் வந்தது.
வாத்துத் தலையணையை நீட்டினார்.