மாவு டப்பா

நவம்பர் கடைசியில் மலை
சூரியனை வாங்கி வைத்துக்கொண்டது.
இசாஃபியோர்தூரில் இனி இரண்டு மாதம்
பகல் என்பது ஒரு நீலக் கறை.

அன்றுதான் ஸ்டெய்னுன் சொன்னாள்:
ஏழு மணிக்குமேல் மூன்று போனும்
ரை மாவு டப்பாவுக்குள்.

முதல் வாரம் சண்டை போட்டோம்.
பிறகு சண்டைக்கும் விஷயம் தீர்ந்தது.
டப்பா அவ்வப்போது உறுமும்.
மூவரும் அதையே பார்த்திருப்போம்,
கட்டிப்போட்ட நாயைப் போல.

ஒரு நாள் ஓர்ரி
மீன் ஆலையில் எனக்குப் போன விரலைப் பற்றிக் கேட்டான்.
பதினோரு வயது.
எந்தக் கை என்றுகூட
அதுவரை தெரியாது அவனுக்கு.
சொன்னேன்.
கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

ஜனவரிக்குள் சட்டம் வளர்ந்து
விடுமுறை நாள் முழுக்க டப்பா என்றானது.
ஞாயிறு வந்தது,
ஞாயிற்றுக்கிழமையே பார்த்து.
மலை இடுக்கில் ஒரு மஞ்சள் கீற்று.
ஓர்ரி கத்தினான்.
படம் பிடிக்க ஓடினேன் நான்.

மூடி இறுகியிருந்தது.
ஒன்பது விரலால் திருகித் திறந்து
ஊதித் துடைத்துத் திரும்பினால்
மலை மூடிக்கொண்டுவிட்டது.

ஜன்னலோரம் இருவர் முகத்திலும்
இன்னும் கொஞ்சம் வெளிச்சம்.
என் முகத்தில் மாவு.

எப்படி இருந்தது என்றேன்.
ஓர்ரி சொன்னான்.
கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான்.