அறுபது

ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று
இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது.
செம்மண் ஒரு முழம், அதன்கீழ் சரளை,
அதற்கும் கீழே சுக்கான்.
குழி வெட்டி நாக்கில் வைத்தும் பார்த்தாயிற்று.

வருவேல் வால்வைப் பிடித்தபடி நிற்கிறார்.
"இலை வாடுது. கொஞ்சம் வெள்ளம் விடட்டா?"
மண்ணில் செருகிய கருவியில்
முள் நாற்பத்தெட்டு.
அறுபது ஆகட்டும் என்கிறேன்.
காய் நிறம் மாறும் நாட்களில்
கொடி தவித்தால்தான் தோல் தடிக்கும், சாறு கனக்கும்.
இல்லையென்றால் பீப்பாயில் நிற்பது
சாயம் போன தண்ணீர்.
"வாழைய இப்படிப் போட்டா குலை தள்ளாது."
வாழை வேறு.
"தாகம் வேறயா?"

ஐம்பத்திரண்டு.
ஐம்பத்தேழு. நுனியில்
பற்றிழைகள் காய்ந்து உதிர்ந்திருந்தன.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து எரிந்துகொண்டிருந்த அந்த ராத்திரி
செருப்பில்லாமல் போய்
நான்காம் வரிசைக்கு மட்டும் திறந்துவிட்டேன்.
சொட்டுக்குழாய் முதலில் இருமியது.
ரெண்டு மணி நேரம்.

காலையில் அங்கே முள் பதினாலு.
வருவேல் குனிந்து பார்த்தார்.
ஒரு பொட்டு மேகமில்லாத வானத்தை
அண்ணாந்து பார்த்தார்.
"நாலாவது வரிசையில மட்டும்
மழையாக்கும்" என்றபடி
நோட்டில் எழுதிக்கொண்டார்.