அவளே இவள்

பெயரில் மூன்று எழுத்து உதைக்கிறது என்றார் வக்கீல்.
ஊர்ப் பதிவேட்டில் ஃபிலொமேனா சக்கார்தெல்லி.
ரொசாரியோ மரணச் சான்றிதழில்
ஃபெலோமினா சகார்தேலி.
இரண்டும் ஒருத்திதான் என்று
முதலில் இங்கே ஒரு நீதிபதி சொல்ல வேண்டும்,
அப்புறம்தான் அங்கே.

செத்து அறுபது வருடமானவளை
அவளே இவள் என்று நிரூபிக்கப்
பதினான்கு மாதம் பிடித்தது.
தம்பி எசெக்கியேலின் மோட்டார் சைக்கிளும் போனது.

தூதரகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன்
நல்லவன்தான்.
அவள் மகன் பிறந்த வருடத்தில் விரலை வைத்தான்: 1923.
நாற்பத்தெட்டுக்கு முன்னால் என்றால்
தகப்பன் வழியாகத்தான் நாடு இறங்கும் அம்மா,
தாய் வழியாக இறங்காது.
கோர்ட்டுக்குப் போங்கள் என்றான்.

ரத்தம் கொடுத்தாள். பால் கொடுத்தாள்.
இந்த மூக்கைக் கொடுத்தாள்,
மகனுக்கு, அவன் மகனுக்கு, எனக்கு.
நாட்டைக் கொடுக்க மட்டும்
அவளுக்குக் கை இல்லை.

நான் துறைமுகத்தில் எடைமேடையில் உட்காருகிறவள்.
சோயா ஏற்றிய லாரி வரும், நிறுப்பேன்.
கொட்டிவிட்டுக் காலியாக வரும், மறுபடி நிறுப்பேன்.
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
இரவு ஷிப்டில், இரண்டு லாரிகளுக்கு நடுவே
அவள் காகிதங்களைப் படித்தேன்.
கப்பலில் தனியாக வந்திருக்கிறாள்.
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.
கல்யாணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில்
ஒரு சிலுவைக்குறி,
பேனா இரண்டாவது கோட்டில் மை கக்கியிருக்கிறது.

பிறப்புச் சான்றுக்காக
மொலிசே மலையிலிருக்கும் ரோக்காசாந்தேலியாவுக்கு எழுதினேன்.
ஆறு கடிதத்துக்குப் பதில் இல்லை.
ஏழாவதற்கு, பதிவாளர் லொரெதானா மின்யோன்யா
ஒன்றுக்கு இரண்டு பக்கம் அனுப்பினார்.
மன்னிக்கவும், இதே பெயர் இன்னொரு இடத்திலும் இருந்தது,
உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

தெரிந்திருக்கவில்லை.

1918, நவம்பர். அஸ்ஸுந்தா, பெண்.
தாய் ஃபிலொமேனா சக்கார்தெல்லி, வயது பத்தொன்பது.
தகப்பன் பெயர் வர வேண்டிய இடம் வெறுமை.
ஓரத்தில் வேறொரு கையின் பொடி எழுத்து:
பதினோராம் நாள் இறந்தது.

எங்கள் வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை.
சொல்ல யாருக்கும் தெரிந்திருக்காது.
கடலை முழுக்க வாயை மூடிக்கொண்டே கடந்திருக்கிறாள்.

வக்கீலுக்கு அனுப்பினேன்.
ஒரே வரியில் பதில் வந்தது:
வழக்குக்கு வேண்டாதது, சேர்க்காதீர்கள்.

கம்போபாஸ்ஸோவில் விசாரணை.
யாரும் போகவில்லை, எல்லாம் எழுத்து மூலம்.
அரசுத் தரப்பிலிருந்து ஒரு காகிதமும் வரவில்லை.
அன்று நான் நாற்பத்தொரு லாரி நிறுத்தேன்,
ஒன்றில் மழை ஈரம், சண்டை.

தீர்ப்பு வந்தது. எனக்கு எதுவும் தரவில்லையாம்,
இருந்ததைச் சொல்கிறார்களாம்:
பிறந்த நாள் முதலே நோயேலியா ஃபெரெய்ரா
இத்தாலியக் குடிமகள்.
அப்படியானால் அம்மை போட்டிருந்தபோதும் அப்படித்தான்.
கணக்கில் தோற்றபோதும்.
2001-ல் பூட்டிய வங்கியின் ஷட்டரைக்
கரண்டியால் அடித்துக்கொண்டு நின்றபோதும்
நான் அந்நியநாட்டுக்காரி.
சிரித்தேன். எசெக்கியேல் சிரிக்கவில்லை,
விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அந்த இரண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தாயின் பெயர் மட்டும் போதுமாக இருந்த ஒருத்தி.
முத்திரை இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை, வக்கீல் இல்லை.
கோர்ட்டைக் கேட்காமல்
பதினோரு நாள்
அந்த நாட்டின் குடிமகள்.

எடைச்சீட்டுகள் வைக்கும் டிராயரில் அதை வைத்திருக்கிறேன்.
காலி லாரி ஒன்று மேடையில் ஏறி நிற்கிறது.
டிரைவர் இரண்டாம் முறை ஹாரன் அடிக்கிறான்.