அறுபது பைசா

சாயல்குடி கூட்டுறவு வங்கியில்
ஒரு வெள்ளிக்கிழமை அறுபது பைசா உதைத்தது.
மேலாளர் பூவலிங்கம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார்.
கேஷியர் நான். என் பஸ் போய்விட்டது.
அடுத்த பஸ்ஸும் போனது.
ஒன்பதரைக்கு, நகைக்கடன் பேரேட்டில்
நான் ஏழாக்கிவிட்ட ஓர் ஒன்றைக் கண்டுபிடித்துப்
பச்சை மையால் சுழித்தார். திட்டவில்லை.
"இனிமேத்தான் சோறு இறங்கும்" என்றார்.

அடுத்த மாசம் முத்திருளாயி வந்தாள்.
பதினாலு பேர், பாசி எடுக்கிறவர்கள்.
விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
யாவாரியின் முன்பணத்திலிருந்து கழன்றுகொள்ள
ஆளுக்கு ஐயாயிரம்.
பூவலிங்கம் கேட்டது ஒன்றுதான்:
"வீட்டுக்காரர் கையெழுத்து?"
"கடல்ல முங்குறது நாங்க சார்."
"கையெழுத்து?"
அவர்கள் நின்ற தரை
சாயங்காலம் வரை காயவில்லை.

ஓய்வு பெற்ற வருசம் கட்சி அவரைக் கூப்பிட்டது.
கை சுத்தம், நெற்றியில் திருநீறு,
மேடையில் ஒரே ஒரு பேச்சு:
"குடும்பமானாலும் கோட்டையானாலும்
கடன் வாங்கிப் பந்தி வைக்காதே."
வாக்குக்குப் பணம் தரமாட்டேன் என்றார்.
மூக்கையூரில் சிரித்தார்கள், சிக்கலில் சிரிக்கவில்லை.
எண்ணூற்றுப் பதினொரு ஓட்டில் ஜெயித்து
டீச்செலவு முதற்கொண்டு கணக்கு ஒப்படைத்தார்.
கணக்கு எழுதப் போன நான்
கூடவே சென்னைக்கும் போனேன்.

கடன் தள்ளுபடி வந்தபோது எழுந்து நின்றார்.
ஒழுங்காகக் கட்டினவனை முட்டாளாக்காதீர்கள் என்றார்.
சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் அவர் பொம்மை எரிந்தது.
போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"புது வேட்டி கட்டியிருக்கானுங்க.
யார் காசு?"

குடும்பத் தலைவன் அறியாமல்
பெண்களுக்குக் கடன் கூடாது என்றும் பேசினார்.
அந்தப் பேச்சை எழுதியவன் நான்.
கைதட்டலுக்கு இடம் விட்டுப் பத்தி பிரித்தவனும் நான்.

பிறகு மதிப்பீட்டுக் குழுவுக்கு
மாவட்ட வாரியாக ஒரு நிலுவைப் பட்டியல் வந்தது.
வேறு வங்கி, குழுக் கடன், கணவன் கையெழுத்து இல்லை.
எங்கள் கடற்கரைக்கு நேரே நூற்று நாற்பத்து மூன்று பேர்.
நிலுவைக் கட்டத்தில் ஒரு கோடு.
அச்சுப் பிழை என்றார்.
விடுதி அறையில் இரண்டு ராத்திரி
கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டுப் பென்சிலால் கூட்டினார்.
"மாசத்துல பன்னெண்டு நாள்தான் கடல்.
தவணை வாரா வாரம். எப்படிய்யா?"
மரிக்கொழுந்துப் பாசி கிலோ என்ன விலை என்று
என்னைக் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது
அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றது.

கூட்டுறவு மானியக் கோரிக்கையில் நாலு நிமிசம் கிடைத்தது.
நான் எழுதியதை மடித்துப் பையில் வைத்தார்.
"என் தொகுதியில் நூற்று நாற்பத்து மூன்று பேர்.
தவணை தவறியவர் எவருமில்லை.
இது அவைக்குறிப்பில் ஏற வேண்டும்."
உட்கார்ந்துவிட்டார்.
பெண்கள் என்று சொல்லவில்லை.
நான் தவறு என்றும் சொல்லவில்லை.
முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
மூன்று நிமிசம் மிச்சம்.
அவர் எதையும் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை என்று
சொல்ல முடியாது; அதுதானே அவர் தொழில்.

அடுத்த முறை தோற்றார். இதனால் அல்ல,
எதிராளி கவர் கொடுத்ததால்.

ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்து வாங்க
போன தையில் ஏர்வாடிக் கரைக்குப் போனேன்.
தண்ணீரில் பெண்கள்,
முகக் கண்ணாடியும் இடுப்பில் வலைப்பையுமாக.
என்னைக் கவனிக்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.
"பதிமூணு" என்றார்.
திரும்ப முதலிலிருந்து. பதிமூணு.
வேட்டி நனைய இறங்கி நின்றார்.
என் பஸ் போய்விட்டது.

தூரத்தில், தீவுப் பக்கமாக,
ஒரு தலை எழும்பிக் காறித் துப்பியது.

அப்புறம்தான் படிவத்துக்குக் கை நீட்டினார்.
பேனா எழுதவில்லை. உதறினார்.
மணலில் இரண்டு பச்சைச் சொட்டு.